தவிட்டுக்குப் போன வெயில்

எங்கள் தெருவில் முதன்முதலாக வெயில் கட்டானது வேலுத்தாய் வீட்டில்தான். கரண்டு கட்டாவது எல்லா ஊரிலும் உள்ளது, அதையெல்லாம் ஒரு கதை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பங்குனி மாதத்துக் காலையில், மொட்டைமாடியில் வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் பிழிந்துகொண்டிருந்த வேலுத்தாய்க்குத் திடீரென்று கை தெரியாமல் போனது, வேட்டி தெரியாமல் போனது, பிழிந்த வத்தல் தெரியாமல் போனது, அண்ணாந்து பார்த்தால் வானம் மட்டும் நீலமாக, ஒரு துண்டு மேகம் இல்லாமல் கிடந்தது.

"மதினி, மழை வருதா?" என்று அவள் பக்கத்து மாடிக்குக் குரல் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டு ராசகனி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "மழையா? வெயிலு மண்டையைப் பொளக்குதே, ஏத்தா, உன் மாடி மட்டும் ஏன் இப்படி இருண்டு கெடக்கு?"

வேலுத்தாய் மாடியிலிருந்து தடவித் தடவி இறங்கி என் கடைக்கு வந்தாள். தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருப்பவன் நான், பீடி, சோப்பு, கருவாடு, மாட்டுத் தவிடு, எல்லாவற்றுக்கும் மேலாக ரீசார்ஜ். தெரு முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருக்க, அவள் வந்த இடமெல்லாம் புளியமரத்தடிபோல இருட்டும் கூடவே வந்தது. புது மீட்டரில் பேலன்ஸ் தீர்ந்திருக்கும் என்று எனக்குப் பட்டது, போட்டுப் பார்ப்போம் என்று அவள் இணைப்பு எண்ணுக்குப் போட்டேன். போட்ட கையோடு அவள் முகத்தில் வெயில் விழுந்தது. இரண்டு பேரும் ஒரு நிமிஷம் வானத்தைப் பார்த்தோம். "அப்பாடா, வத்தல் வீணாப் போயிருமோன்னு பயந்துட்டேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்கு ஓடினாள். ஆச்சரியம் என்று எங்கள் தெரு பட்டது அவ்வளவுதான்.

அந்தப் புது மீட்டரைப் பற்றி நான் ஆரம்பத்திலேயே சொன்னேன், யார் கேட்டார்கள்? பழைய மீட்டரில் ஒரு சக்கரம் சுற்றும், வேகமாகச் சுற்றினால் அயர்ன்பாக்ஸைப் பிடுங்கிவிடுவோம், எங்களுக்கும் அதற்கும் அப்படி ஒரு பேச்சுவார்த்தை இருந்தது. புதிதில் சக்கரம் இல்லை, சிவப்பாக ஒரு சின்னக் கண் மட்டும். மாட்டுவது இலவசம் என்றார்கள். இலவசம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், அடுத்த மாதமே மாட்டுகூலி, வாடகை, சேவை வரி, சேவை வரிக்கு வரி என்று வரிசையாக வந்து நின்றது. காசை முன்னாலேயே கட்ட வேண்டும், தீர்ந்தால் அதுவே அணைந்துவிடும், இதனால் மக்களுக்கு வசதி என்றார்கள். யாருக்கு வசதி என்று கேட்க ஆள் இல்லை, ஆபீசில் ஆளுக்குப் பதிலாக ஒரு டிவி இருந்தது.

இருந்தாலும் நாங்கள் போனோம். உள்ளே ஒருவழியாக ஒரு அதிகாரி கிடைத்தார், நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். "வெயில் எப்பவுமே லைன்லதான் இருந்தது, இத்தனை காலமா அளக்காம விட்டிருந்தோம், அவ்வளவுதான்" என்று அவர் பொறுமையாக விளக்கியபோது, அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அனுபவித்த வெயிலுக்கெல்லாம் பழைய பாக்கி கேட்டுவிடுவாரோ என்று பயந்தோம், கேட்கவில்லை, அந்த நிம்மதியில் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

பிறகு அது பழகிவிட்டது, எதுதான் பழகாமல் போயிருக்கிறது. உச்சிவெயிலுக்குக் கூடுதல் கட்டணம் என்றார்கள், உச்சிவேளையில் கதவைச் சாத்திக்கொண்டோம். ஐப்பசி கார்த்திகையில் வெயிலே இல்லாவிட்டாலும் நிலைக்கட்டணம் உண்டு என்றார்கள், குடையைப் பிடித்துக்கொண்டு வந்து வெயிலுக்குக் கட்டினோம். பெண் பார்க்க வருகிறவர்கள் நகையைக் கேட்பதற்கு முன்னால் வீட்டில் வெயில் உண்டா என்று கேட்டார்கள், பஸ்ஸில் இருட்டோடு ஏறுகிறவர்களைக் கண்டக்டர் கடைசி சீட்டுக்குப் போகச் சொன்னார், பள்ளிக்கூடத்தில் இருண்ட பிள்ளைகளைப் பின்வரிசையில் வைத்தார்கள், பலகையும் தெரியாது, பிள்ளையும் தெரியாது. மெழுகுவர்த்தி ஏற்றினால் சுடர் தெரிந்தது, ஆனால் வெளிச்சம் எதன்மேலும் விழவில்லை. கேஸ் விலை ஏறியபோது திட்டியது மாதிரி, எண்ணெய் விலை ஏறியபோது திட்டியது மாதிரி என் கடை பெஞ்சில் உட்கார்ந்து வெயிலையும் கொஞ்ச நாள் திட்டினோம். அப்புறம் அதையும் மெதுவாகத் திட்ட ஆரம்பித்தோம், மீட்டரின் சிவப்புக் கண் கடைச்சுவரிலும் இருந்தது, நாங்கள் பேசப் பேச அது சிமிட்டுவதுபோல் பட்டது. எதற்கு வம்பு.

வேலுத்தாயின் புருஷன் கருத்தப்பாண்டி நூற்பாலையில் வாட்ச்மேன். ஒருநாள் பேலன்ஸ் தீர்ந்த முகத்தோடு வேலைக்குப் போனான், வருகைப்பதிவுக்குக் கேமரா முன்னால் முகத்தைக் காட்டச் சொன்னார்கள், காட்டினான், இருட்டில் முகம் எங்கே தெரியும், ஆள் வரவில்லை என்று மெஷின் சொல்லிவிட்டது. "நான் வந்திருக்கேன் சார், முன்னாலதானே நிக்கேன்" என்று மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தான். மேனேஜர் அவன் குரல் வந்த பக்கம் திரும்பி, "மெஷின் வரலைங்குது, நான் என்னப்பா செய்ய" என்றாராம். சம்பளம் இல்லாததால் ரீசார்ஜ் இல்லை, ரீசார்ஜ் இல்லாததால் முகம் இல்லை, முகம் இல்லாததால் சம்பளம் இல்லை. முகம் கேட்காத வேலை தேடி வடக்கே லாரியில் ஏறிப் போனான், போனவனிடமிருந்து தகவல் இல்லை. வேலுத்தாய் அப்போது மாசமாக இருந்தாள். முதல் பிள்ளை அவளுக்குத் தங்கவில்லை, இது இரண்டாவது.

பிள்ளை அந்த இருட்டு வீட்டிலேயே பிறந்தது. வலி திடீரென்று கண்டுவிட்டது, வண்டி கூப்பிடப் போனை எடுத்தால் அது இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னது, இருந்த இடம் அதற்குத் தெரியவில்லை, ராசகனிதான் கையால் தடவித் தடவியே பிள்ளையை எடுத்தாள். எடுத்த பிள்ளை வீல் என்று கத்தியபோது அதன்மேல் வெயில் விழுந்தது. ஜன்னல் வழியாக, ஒரு முறம் அகலத்துக்கு, நல்ல காலை வெயில். பிள்ளைக்கு இன்னும் எண் கிடையாது, இணைப்பு கிடையாது, எதன்பேரிலும் எழுதப்படாத பிள்ளை, அதனால் அதற்குக் கட் பண்ண ஒன்றும் இல்லை. மாசக்கணக்கில் தன் கையைத் தானே பார்க்காதிருந்த வேலுத்தாய், பால் கொடுக்கப் பிள்ளையை மடியில் போட்டபோது தன் விரல்களைப் பார்த்தாள். "நகமெல்லாம் எப்படி வளந்து கெடக்கு பாரு மதினி" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அதற்குள் தெருவில் பாதிக்குமேல் இருட்டு. பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் வெறும் கையோடு வரவில்லை, ஒருத்தி கல் பொறுக்க அரிசி கொண்டுவந்தாள், ஒருத்தி ஊசியும் நூலும், ஒருத்தி தன் மகள் தலையில் பேன் பார்க்க மகளையே கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை தூங்கும்போது சுற்றி உட்கார்ந்து வேலையை முடித்துக்கொண்டார்கள். பிறகு பிள்ளையையே வீட்டுக்கு வீடு தூக்கிப் போனார்கள், காய் நறுக்க ஒரு வீடு, வீட்டுப்பாடம் எழுத ஒரு வீடு. பதிலுக்கு வேலுத்தாய்க்குச் சோறு வந்தது, குழம்பு வந்தது. அவள் வத்தல் பிழிந்து பிள்ளையைச் சுற்றி அடுக்கிக் காயவைத்தாள், முறம் அகலத்துக்கு எவ்வளவு காயுமோ அவ்வளவு. அந்தச் சில மாதங்கள் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு மீட்டர் கம்பெனியிலிருந்து ஜெயசீலன் வந்தான். ஒப்பந்தக்காரப் பையன், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, என் கடையில் பாக்கி வைத்துச் சிகரெட் குடிப்பவன். எங்கள் தெருவில் வெயில் ஒழுகுகிறதாம், கணக்கில் இல்லாத வெயில், எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். கையில் கண்ணைப் படம் பிடிக்கும் ஒரு பெட்டி. "சின்னப் புள்ளைன்னாலும் தாயோட இணைப்புல சேர்க்கணும் அண்ணாச்சி. நாளைக்கு வருவேன்" என்றான். நாளைக்கு வருவேன் என்று அவன் ஏன் சொன்னான், இன்றைக்கே ஏன் செய்யவில்லை என்று அவன் போனபிறகுதான் யோசித்தேன்.

வேலுத்தாயின் இணைப்பில் சேர்த்தால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் பிள்ளையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள், சேலை இழைகளுக்குள்ளிருந்து வெயில் கசிந்தது.

ராசகனிதான் தவிட்டு யோசனையைச் சொன்னாள். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று எமன் நினைத்துக்கொண்டு போய்விடுவான், எத்தனையோ பிள்ளைகள் அப்படிப் பிழைத்திருக்கிறார்கள், எனக்கு மூத்தவர் ஒருவரே அப்படித் தவிட்டுக்குப் போய்ப் பிழைத்தவர்தான். எமனை ஏமாற்றின வழிக்கு இந்தப் பெட்டி எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டோம். ராசகனி ஒருத்தி வாங்கினால் அவள் இணைப்பில் ஏறி அவள் பிள்ளையே ஆகிவிடுமே, ஆகவே அவள் வாங்கி அடுத்த வீட்டுக்கு விற்றாள், அடுத்த வீடு அதற்கடுத்த வீட்டுக்கு, தெருவின் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் திரும்பிக் கடைசியில் யார் வீட்டுக்கும் சேராத தெருமுனைக் குப்பைமேட்டில் பிள்ளையை வைத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றோம். தவிடு என் கடைத் தவிடு.

ஜெயசீலன் வந்தான். "இது யார் புள்ள?"

"வாங்கினோம், வித்துட்டோம்" என்றார்கள் ஒவ்வொரு வாசலிலும்.

வேலுத்தாயிடமும் கேட்டான். அவள் மார்பில் பால் கட்டி ஜாக்கெட் நனைந்திருந்தது, இருட்டில் அது அவனுக்குத் தெரிந்திருக்காது. "எனக்குத் தெரியாதுய்யா" என்றாள்.

அவன் பெட்டியைப் பிள்ளையின் முகத்தருகே கொண்டுபோனான், பெட்டி, தாய் இணைப்பு தேவை என்று சொல்லி நின்றுவிட்டது. அவன் கொஞ்சநேரம் அதைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு என் கடைக்கு வந்து, சிவப்புக் கண்ணுக்கு முதுகைக் காட்டி நின்று, உதடு அசையாமல் பேசினான். "அண்ணாச்சி, என்னால ஒண்ணும் செய்ய முடியாது, என் இணைப்பும் இதே லைன்லதான் இருக்கு. மீட்டருக்குக் காது வச்சிருக்காங்க. யாராச்சும் என் புள்ளைன்னு சொன்னா ஏத்திக்கும். இல்ல, புள்ளையே ஒருநாள் யாரையாச்சும் அம்மான்னு கூப்பிட்டு, அவ ஏன்னு கேட்டா, அந்த வீட்டுல ஏத்திக்கும். பாத்துக்கோங்க."

அன்றிலிருந்து எங்களைப் பிடித்த பயம் இருட்டுப் பயத்தைவிடப் பெரிது. பிள்ளைக்குத் தவுடு என்றே பேர் நின்றுவிட்டது. அவன் குப்புற விழுந்தான், தவழ்ந்தான், எழுந்து நின்றான், ஒவ்வொன்றுக்கும் மற்ற தெருவில் பாயசம் வைப்பார்கள், நாங்கள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஒரு சொல் அவன் காதில் விழக்கூடாது என்று தெருவே முடிவு செய்தது. பிச்சைக்காரர்களைத் தெருமுனையிலேயே மடக்கி நான் காசு கொடுத்து அனுப்பினேன், அவர்கள் வாயைத் திறந்தால் முதல் சொல் அதுதானே. கீரைக்காரி மணியடித்து விற்றாள். பால்காரரின் கன்றுக்குட்டி அந்தச் சொல்லைத்தான் கத்துகிறது என்று அவரை மாட்டோடு அடுத்த தெருவுக்கு அனுப்பினோம். ரேடியோவில் தாயைப் பற்றிய பாட்டு வந்தால் ஓடிப்போய் அணைத்தோம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவரவர் தாயைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பழகின, கால் இடறினால்கூட நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டோம், வலித்தால் வேறு என்ன சொல்லிக் கத்துவது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

வேலுத்தாய் அவனுக்கு ஊமையாகப் பால் கொடுத்தாள். தாலாட்டுப் பாடவில்லை, கொஞ்சவில்லை, ராசா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனோடு பேசுவதும் தெருவில் மற்றவர்கள் பேசுவது மாதிரிதான், "ஏய் தவுடு, இங்க வா", "ஏய் தவுடு, வாயைத் திற". ஒருமுறை என் கடைக்கு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள், அவன் அவள் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தபோது, சட்டென்று அவனைக் கவுண்டர்மேல் இறக்கிவிட்டுத் திரும்பி நின்றாள். "இவன் சிரிச்சா என் வாயில வந்துரும் போல இருக்கு அண்ணாச்சி. பயமா இருக்கு" என்றாள்.

அவன் எல்லாம் பேசினான். காக்கா என்றான், சோறு என்றான், மீட்டரைக் காட்டிக் கண்ணு என்றான். அந்தச் சொல் மட்டும் அவனுக்குத் தெரியாது, தெரியாது என்றுதான் நம்பியிருந்தோம்.

அவனுக்கு இரண்டு வயதாகிற சமயம், மறுபடி ஒரு பங்குனி வந்து போய்ச் சித்திரை பிறந்திருந்த ஒரு பிற்பகல். வத்தல் துணியை உதறிக்கொண்டிருந்த வேலுத்தாயை நோக்கி அவன் தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தான், அவன் ஓடிய இடமெல்லாம் வெயிலும் ஓடியது, சாக்கடை மூடிக்கல் தட்டி முகம் குப்புற விழுந்தான். நெற்றியில் ரத்தம். விழுந்த பிள்ளை உடனே அழவில்லை, மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, வாயைத் திறந்தபடி சத்தமில்லாமல் கிடந்தான். அந்த ஒரு மூச்சு நேரத்தில் தெரு முழுக்க எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள், எல்லா வாசலிலும் சிவப்புக் கண்கள் நிலையாக எரிந்தன.

"அம்மா!" என்றான்.

யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. வலித்தது, வந்துவிட்டது.

அப்போது ராசகனி தன் வாசலிலிருந்து கத்தினாள், "ஏன்ய்யா!" அடுத்த வாசல்காரி கத்தினாள், "என்னய்யா, இந்தா வந்துட்டேன்!" எதிர்வாசல்காரி, அதற்கடுத்தவள், நோயில் படுத்திருந்தவள்கூட உள்ளேயிருந்து, தெருவிலிருந்த அத்தனை பெண்களும் ஏன் ஏன் என்று பதில் சொன்னார்கள். மீட்டர்களின் சிவப்புக் கண்கள் ஒன்று மாற்றி ஒன்று சிமிட்டின, இந்த வீடா அந்த வீடா என்று தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அவை தடுமாறியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பதில் சொல்லாதவள் தெருவில் ஒருத்திதான். வேலுத்தாய் வத்தல் துணியைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள்.

தவுடு தலையைத் தூக்கிப் பார்த்தான். முதலில் அவள் நின்ற இருட்டைத்தான் பார்த்தான், அங்கிருந்து சத்தம் வரவில்லை. பிறகு கையை நீட்டிக்கொண்டு நின்ற ராசகனியைப் பார்த்தான். எழுந்து, விசும்பிக்கொண்டே அவளிடம் ஓடிப்போய் முழங்காலைக் கட்டிக்கொண்டான். ராசகனி வீட்டு மீட்டர் கீச்சென்று ஒருமுறை கத்தியது, மற்ற மீட்டர்களெல்லாம் அமைதியாயின. அவள் போனில் செய்தி வந்து விழுந்தது. இணைப்பில் ஓர் உறுப்பினர் சேர்க்கப்பட்டார், நன்றி.

ராசகனியின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், அவள் வீட்டில் அதுவரை பேலன்ஸ் தீர்ந்ததில்லை. அதனால் தவுடுமேல் வெயில் அப்படியேதான் இருந்தது. அவள் வேலுத்தாயைப் பார்த்தாள், "ஏத்தா, நான் வேணும்னு செய்யலத்தா" என்றாள். வேலுத்தாய் துணியை வாயிலிருந்து எடுத்து உதறி மடித்தாள். "நெத்தியில மஞ்சப்பத்துப் போடு மதினி, வீங்கிரும்" என்று மட்டும் சொன்னாள்.

இணைப்பு மாறினால் திரும்ப மாற்ற முடியுமா என்று ஜெயசீலனைக் கேட்டேன். முடியும், அதற்குத் தாயின் முகம் தெரிகிற படம் வேண்டும் என்றான்.

இந்த மாதம் வெயிலுக்கு மறுபடி விலை ஏற்றிவிட்டார்கள். சிங்கப்பூர் மகனுக்கும் அங்கே ஏதோ மெஷின் வந்து வேலை போய்விட்டதாகப் பேச்சு, ராசகனி உச்சிவேளையில் கதவைச் சாத்த ஆரம்பித்திருக்கிறாள். வேலுத்தாய் இப்போது உப்பளத்துக் கூலிக்கு ராத்திரி வேலைக்குப் போகிறாள், அங்கே இருட்டில் முகம் கேட்பதில்லை. காலையில் திரும்பும்போது என் கடை முன்னால் வெயில் கொஞ்சம் மங்கும், அவள் வந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். கவுண்டர்மேல் உப்புப் படிந்த நோட்டுகளை வைப்பாள், ஒரு எண்ணைச் சொல்வாள், மனப்பாடம். அது அவள் வீட்டு எண் இல்லை.

"எவ்வளவுக்குத்தா போட?" என்று கேட்பேன், ஒவ்வொரு நாளும் அதே பதில்தான்.

"தவுடு சாயங்காலம் வரைக்கும் விளையாடுற அளவுக்குப் போடுங்க அண்ணாச்சி."